பொரித்த மீனுக்குப் பக்கத்தில்

மீனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஸ்ரீகரன் சித்தப்பாவுக்குப் பிடித்தது கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன். முழு மீனாக, இரண்டு பக்கமும் கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, வால் மொறுமொறுவென்று உடைகிற அளவுக்குப் பொரிக்க வேண்டும். அதில் அம்மாவும் மாமியும் ஒரே கட்சி. தகராறு வந்தது, மீனுக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான்.

மறுநாள் தீபாவளி. ஆனால் ஆயர் ஈத்தாமில், ஒன்பதாவது மாடியில் இருந்த தர்மினியின் வீட்டில் இந்த ஆண்டு முறுக்குச் சுடவில்லை. வாசலில் கோலம் போடவில்லை. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, தான் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சித்தப்பா, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

துக்கம் நடந்த வீட்டில் முதல் தீபாவளியைக் கொண்டாட மாட்டார்கள். அதற்கு முந்தின நாள் படையல் மட்டும் போடுவார்கள். இறந்தவரின் படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வைத்துக் கும்பிடுவார்கள். அன்றைக்கு அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று நம்பிக்கை.

தர்மினிக்குப் பதினொரு வயது. சித்தப்பா வந்தால் அவரிடம் காட்ட வேண்டும் என்று ஓவியப் போட்டியில் கிடைத்த சான்றிதழைக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

காலை எட்டரை மணிக்கு, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து செல்வநாயகி மாமி வந்து சேர்ந்தாள். மாமி, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்த அக்கா. தாயும் தகப்பனும் போன பிறகு, பன்னிரண்டு வயது சித்தப்பாவைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவள். மாமி கையில் ஒரு துணிப்பை. அது நிறையக் கத்தரிக்காய்.

சமையலறைக்குள் நுழைந்த மாமி, மேசைமேல் இருந்த பாத்திரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன ரூபினி, பாவக்காயா வெட்டி வெச்சிருக்க?"

"ஆமாக்கா. சம்பலுக்கு. உப்புல ஊறுது," என்றாள் அம்மா.

"யாருக்கு?"

"தம்பிக்குத்தான். மீன் பொரிச்சா அவருக்குப் பாவக்கா சம்பல் வேணுமே. ஒரு கிண்ணத்த அவரே முடிச்சிடுவாரு."

"அவனா? பாவக்காயா?" மாமி பையை மேசைமேல் வைத்தாள். "பத்து வயசுல ஒவ்வொரு துண்டா எடுத்து ரேடியோவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சவன் லா அவன். எறும்பு வரிசை கட்டின பெறகுதான் எங்கம்மாவுக்கே தெரிஞ்சுது. அவனுக்கு மீனோட கத்தரிக்கா பால்கறிதான். என் வீட்டுல சட்டிய வழிச்சுத் தின்னுவான்."

"இங்க தங்கியிருந்த பன்னெண்டு வருசத்துல அவரு கத்தரிக்காயத் தொட்டு நான் பாத்ததில்லக்கா."

"நீ எப்படிச் சமைச்சியோ."

அம்மா குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள்.

வாசலில் சாம்பிராணித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த தர்மினி எட்டிப் பார்த்தாள். "ரெண்டையும் வெச்சா என்ன மாமி?"

"இலையில ஒத்தப்படையாத்தான் வெக்கணும். மூணு, அஞ்சு, ஏழு. மீன், பருப்பு, சொதி, அப்பளம், நாலு ஆச்சா? இன்னும் ஒண்ணு வெச்சா அஞ்சு. ரெண்டையும் வெச்சா ஆறு."

"அப்ப ஏழா ஆக்கிட்டா?"

"எண்ணிக்கைய விடு தர்மினி. வருசத்துல ஒரு நாள் வர்றவன். அவனுக்குப் பிடிக்காதத இலையில வெச்சு முகஞ்சுளிக்க வெக்கலாமா?"

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றாள் அம்மா, திரும்பாமலே.

மாமி கத்தரிக்காய்ப் பையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். "சரி. நான் வீட்டுக்கே போறேன். அங்கயும் அவன் படம் இருக்கு. நான் அங்க தனியா படைச்சுக்கிறேன்."

கூடத்தில் சித்தப்பாவுக்காக வாங்கிய புதுச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா, இஸ்திரிப் பெட்டியும் கையுமாக ஓடி வந்தார். "அக்கா, இன்னிக்கிப் பாலத்துல ஜாம். கார்ல போனா சாயங்காலம்தான் போய்ச் சேருவீங்க."

"அப்ப பஸ்சுல போறேன்."

"பஸ்சும் அதே பாலத்துலதான் போகும்க்கா."

மாமி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனால் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. "இலை வாங்கினா எனக்கும் ஒண்ணு வாங்கு கார்த்திகன். வாங்கினதும் கெளம்புறேன்," என்றாள் அப்பாவிடம்.

அப்பா தர்மினியை வாசலுக்கு அழைத்து வந்தார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "கீழ பசார்ல போய் வாழை இலை வாங்கிட்டு வாம்மா." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு வாங்கு."

இரண்டு இலை. மின்தூக்கியில் இறங்கும்போது தர்மினி அதையே நினைத்தாள். இரண்டு வீட்டில் இரண்டு இலை போட்டால் சித்தப்பா எங்கே போவார்? பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இருக்கிறபோதே அவர் யாருக்கும் மனம் கோணக்கூடாது என்று பார்ப்பவர். இரண்டு இலையைப் பார்த்தால் எங்கேயும் உட்காராமல் திரும்பிப் போய்விடுவார்.

சந்தை முழுக்கக் கூட்டம். செவ்வந்திப் பூவும் வெற்றிலையும் குவிந்து கிடந்தன. இலை விற்கும் இடத்துக்குப் போகிற வழியில், ஓரமாக, ஹபீபா பீவி சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை. சித்தப்பா தினமும் மதியம் சாப்பிட்ட கடை அது. பள்ளி விடுமுறையில் தர்மினியும் சில நாள் அவரோடு வந்திருக்கிறாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்து போவாள்.

இன்று பார்த்தாள். ஹபீபா பீவி பெரிய தட்டுகளில் கறிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"புள்ள, நீ ஸ்ரீகரன் தம்பி வீட்டுப் புள்ளதானே? என்ன இவ்ளோ நாளா காணோம்?"

தர்மினி பக்கத்தில் போய் நின்றாள். "ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டா? சித்தப்பா இங்க மீனோட என்ன கறி எடுப்பாரு?"

"ஏன் கேக்குற?"

"இன்னிக்கி அவருக்குப் படையல். மீனுக்குப் பக்கத்துல எத வெக்கிறதுன்னு தெரியல."

ஹபீபா பீவி கரண்டியைக் கீழே வைத்தார். "அது எனக்கே சரியா சொல்லத் தெரியல புள்ள. வருவாரு. பொரிச்ச கெம்போங் ஒண்ணு, சோறு. அப்புறம் தட்ட நீட்டிக்கிட்டு, 'அக்கா, இன்னிக்கி எது போகல?'ன்னு கேப்பாரு."

"போகலன்னா?"

"விக்காம கெடக்குறது. யாரும் தொடாத கறி. ஒரு நா முட்டகோஸ். ஒரு நா பூசணிக்கா. ஒரு தடவ பீன்ஸ் அடிப்பிடிச்சுப் போச்சு, அதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. 'நல்லதா எடுத்துக்கங்க தம்பி'ன்னு சொன்னா, 'மீன் இருக்கே அக்கா, மீன் இருந்தா எதையும் சாப்பிட்டுடலாம்'னு சிரிப்பாரு."

ஹபீபா பீவி தட்டுகளை ஒருமுறை பார்த்தார். "மிஞ்சின கறிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது எனக்கு எப்படி இருக்கும்னு அந்தத் தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுதோ. அவரு போனதுக்கப்புறம் தினமும் ஏதாவது ஒண்ணு மிஞ்சிக்கிட்டேதான் இருக்கு."

தர்மினிக்கு ஒன்று நினைவு வந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் சித்தப்பா உடனே பரிமாறிக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். "என்ன தம்பி, ஆராய்ச்சி முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்பாள். எது நன்றாக இருக்கிறது என்றுதான் பார்க்கிறார் என்று தர்மினி நினைத்திருந்தாள்.

எது குறையாமல் இருக்கிறது என்று அல்லவா பார்த்திருக்கிறார்.

அவள் நடந்துபோய் இலைக்காரர் முன்னால் நின்றாள். இதை வீட்டில் எப்படிச் சொல்வது? "சித்தப்பாவுக்கு ரெண்டுமே பிடிக்காது, மிஞ்சினதைத்தான் சாப்பிட்டார்" என்று சொன்னால் தகராறு நின்றுவிடும். ஆனால் அம்மாவும் தோற்றுப்போவாள், மாமியும் தோற்றுப்போவாள். சித்தப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லாமல்தானே இத்தனை வருடம் சாப்பிட்டார்?

"எத்தன இலை பாப்பா?" என்றார் இலைக்காரர்.

தர்மினி ஒரு கணம் யோசித்தாள். "ஒண்ணு போதும் அண்ணே. பெருசா குடுங்க. கிழியாததா."

வீட்டில் எதுவும் மாறவில்லை. மாமி அதே நாற்காலியில், மடியில் அதே பையோடு இருந்தாள். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றாள். அப்பா தேய்த்து முடித்த சட்டையையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் வாங்கிட்டு வந்தியா?" என்றாள் மாமி.

"ஒரு சித்தப்பாதானே மாமி."

தர்மினி இலையை மேசைமேல் வைத்துவிட்டு மாமியின் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, உங்க வீட்டுல கத்தரிக்கா பால்கறிய வேற யாரு சாப்பிடுவாங்க?"

"வேற யாரு? உங்க மாமாவுக்கு அரிப்பு வரும். பயலுங்க ரெண்டு பேரும் கொழகொழன்னு இருக்குன்னு ஓடிடுவானுங்க."

"அப்ப எதுக்குச் சமைப்பீங்க?"

மாமி பையின் காதைத் திருகினாள். "எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான். அவங்க போன பெறகு நான் முதமுதல்ல சமைச்ச கறியும் அதுதான். தண்ணியா போச்சு. ஒருத்தரும் தொடல. அவன் மட்டும்..."

மாமி சட்டென்று நிறுத்தினாள்.

தர்மினி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நம்ம வீட்டுல பாவக்கா யாரு சாப்பிடுவாங்க?"

"நீ மூடியத் தெறந்தாலே மூக்கப் பொத்திக்குவ. உங்கப்பா அந்தப் பக்கமே வரமாட்டாரு," என்றாள் அம்மா. அப்பா குற்றம் செய்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குப் பிடிக்கும். கல்யாணம் ஆகி வந்த புதுசுல நான் மட்டும் தனியா வெச்சுச் சாப்பிடுவேன். தம்பி இங்க தங்க வந்த பெறகுதான் எனக்கு ஒரு..." அம்மாவும் நிறுத்தினாள்.

"கத்தரிக்கா வெச்சா?"

"அத உங்கப்பா சட்டியோட முடிச்சிடுவாரு. மத்தவங்களுக்கு எங்க மிஞ்சும்?"

அப்போதுதான் தர்மினி ஹபீபா பீவி சொன்னதைச் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எது போகல என்று அவர் கேட்டதை, அடிப்பிடித்த பீன்ஸை, மீன் இருந்தா எதையும் சாப்பிட்டுடலாம் என்றதை, எல்லாவற்றையும் சொன்னாள்.

கூடத்தில் இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

மாமி, "ரேடியோவுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சவன்," என்றாள். "உன் பாவக்காயக் கிண்ணம் கிண்ணமா தின்னிருக்கான் பாரு, ரூபினி."

"கசக்குதா தம்பின்னு கேப்பேன். கசப்பே தெரியல அண்ணின்னு சொல்வாரு." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பன்னெண்டு வருசம். ஒரு நாள்கூட முகஞ்சுளிக்கல."

"அப்ப அவனுக்கு உண்மையிலேயே எந்தக் கறிதான் பிடிக்கும்?" என்று கேட்டார் அப்பா.

கூடப் பிறந்தவர்களுக்கும் தெரியவில்லை, சோறு போட்டவளுக்கும் தெரியவில்லை. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். சித்தப்பா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போதும் போல, பாதிதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமி எழுந்தாள். பையைக் கவிழ்த்துக் கத்தரிக்காய்களைக் கழுவும் தொட்டியில் கொட்டினாள். "கத்தி எங்க ரூபினி? நேரமாகுது. உன் சம்பலும் இருக்கட்டும்."

"அப்ப ஆறு ஆயிடுமேக்கா."

"நான் ஒண்ணு செய்யறேன்," என்றாள் தர்மினி. "அப்ப ஏழு."

"உனக்கு என்ன செய்யத் தெரியும்?"

"வெள்ளரிக்கா பச்சடி. அடுப்பே வேணாம்."

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "செய். ஆனா ஞாபகம் வெச்சுக்க. படையல் சாப்பாட்ட யாரும் ருசி பாக்கக் கூடாது. வெரலக்கூட நக்கக் கூடாது. அவன்தான் முதல்ல."

அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தச் சிறிய சமையலறையில் மூன்று பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மாமி தேங்காய்ப்பால் பிழிந்தாள். அம்மா பாகற்காயைப் பொன்னிறமாகப் பொரித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தாள். தர்மினி வெள்ளரிக்காயைத் துருவினாள். உப்புப் போட்டாள். தயிரைக் கடைந்தாள். அதற்குள் மாமி, "தேங்காத் திருகிய எடுத்துக் கழுவு," என்றாள். கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். உப்புப் போட்டோமா? நாக்கின் நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலை உயர்த்தினாள். படத்தின் நினைவு வந்தது. விரலைத் துணியில் துடைத்துவிட்டு, ஒரு கரண்டி உப்பு அள்ளிப் போட்டாள்.

கடைசியாக மீன். எண்ணெயில் விழுந்ததும் எழுந்த வாசனை வீடெல்லாம் பரவியது. அந்த வாசனைக்குத்தான் மாலையில் அறையிலிருந்து சித்தப்பா எழுந்து வருவார். மூன்று பேரும் ஒரு நொடி அந்த அறைக் கதவைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

ஒரு மணிக்குப் படையல் போட்டார்கள். அப்பா புதுச் சட்டையை மடித்துப் படத்துக்கு முன் வைத்தார். அதன்மேல் சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடியை வைத்தார். இலையில் சோறு, அதைச் சுற்றி ஏழும். மீன் நடுவில். மீனுக்கு ஒரு பக்கம் மாமியின் பால்கறி, மறுபக்கம் அம்மாவின் சம்பல். தர்மினியின் பச்சடி வால் பக்கமாக ஒரு ஓரத்தில்.

சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அவர் சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது. நடைபாதையில் நால்வரும் வரிசையாக நின்றார்கள். கீழே எங்கோ பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள்.

"சம்பலுக்கு உப்பு சரியா போட்டியா?" என்று மாமி கிசுகிசுத்தாள்.

"தெரியலக்கா. ருசி பாக்கலியே."

"நானும்தான்."

அம்மாவின் கை மாமியின் கைக்குள் இருந்ததை தர்மினி அப்போதுதான் கவனித்தாள். யார் முதலில் பிடித்தது என்று தெரியவில்லை.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக் கதவைத் தானே மூன்று முறை தட்டினார். "உள்ள வர்றோம்டா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திறந்தார்.

படைத்த இலையிலிருந்து ஒவ்வொருவர் தட்டிலும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா முதல் தடவையாகப் பாகற்காயைத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மாமி அம்மாவின் சம்பலில் இரண்டாம் கரண்டி கேட்டாள். அம்மா மாமியின் பால்கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டு, "அக்கா, இத எனக்குச் சொல்லிக் குடுங்க," என்றாள்.

பச்சடியை வாயில் வைத்ததும் அப்பாவின் புருவம் மேலே போனது. அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். அம்மா, "நல்லாத்தான் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டாள்.

தர்மினி தானே எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். கடல் தண்ணீர் போல இருந்தது. உப்பை இரண்டு முறை போட்டிருக்கிறாள். இதையா சித்தப்பாவுக்கு வைத்தோம்? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொட்டு நீர் சோற்றில் விழுந்தது. அதிலும் உப்பு.

மற்றக் கறிகள் எல்லாம் குறைந்துகொண்டே வந்தன. பச்சடிக் கிண்ணத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அது முக்கால்வாசி நிறைந்து அப்படியே இருந்தது. தர்மினி அதைத் தட்டால் மூடினாள்.

மாமி, மீன் துண்டு இருந்த தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். பருப்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சொதியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சம்பல், பால்கறி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் பச்சடிக் கிண்ணத்தின் தட்டைத் தூக்கினாள்.

"இன்னிக்கி எது போகல?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு கரண்டி பச்சடியை மீனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மீனைப் பிட்டுப் பச்சடியில் தோய்த்து வாயில் வைத்தாள். நிதானமாக மென்றாள். முகஞ்சுளிக்கவில்லை.

"மாமி, ரொம்ப உப்பு," என்றாள் தர்மினி.

"மீன் இருக்கு லா. மீன் இருந்தா எதையும் சாப்பிட்டுடலாம்."

"எனக்கும் கொஞ்சம் போடுங்கக்கா," என்று அம்மா தட்டை நீட்டினாள். அப்பா தண்ணீர்க் குவளையை நிரப்பி அருகில் வைத்துக்கொண்டு, பிறகு தானும் தட்டை நீட்டினார்.

கிண்ணத்தில் கடைசியாக இருந்ததை தர்மினி வழித்துப் போட்டுக்கொண்டாள். மீனின் வாலை உடைத்து அதில் தோய்த்தாள்.

அன்று சாயங்காலம்வரை அந்த வீட்டில் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.